வயசானவங்க ட்ராவலேட்டர்ல ஏறலாமா, சேலை மாட்டுமா: தேவகோட்டையில இருந்து வந்த கேள்விக்கு என் பதில்

நீங்க கேட்டதை முதல்ல ஒருதடவ நானே திருப்பிச் சொல்லிக்கிறேன், அப்பதான் பதில் வேற பக்கம் போகாது. தேவகோட்டையில இருக்க உங்க ஆத்தாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி இருக்கு, பேரன் பொறந்திருக்கான்னு திருச்சியில இருந்து சிங்கப்பூருக்கு முதல்தடவையா தனியா ஃபிளைட் ஏறப்போறாங்க. பக்கத்து வீட்டு ஆச்சி "அங்க தரையே ஓடும், முந்தானை மாட்டுச்சுன்னா உள்ள இழுத்துரும்"னு சொல்லி வச்சதுல இருந்து அவங்களுக்கு தூக்கம் இல்ல. அதனால ஏர்போர்ட்ல ட்ராவலேட்டர்னு சொல்ற அந்த ஓடுற நடைபாதை என்ன வேகத்துல போகும், சேலை மாட்டுமா, அதுல நிக்கணுமா நடக்கணுமா, ஏன் இன்னும் வேகமா வைக்கலன்னு கேட்டிருக்கீங்க, கடைசியில ஒரு வரியில இதை பிள்ளையார்பட்டியில வச்சா வயசானவங்களுக்கு நல்லா இருக்குமேன்னும் கேட்டிருக்கீங்க. எல்லாத்துக்கும் சொல்றேன். ஆனா இதுக்குள்ள ஒரே கேள்விதான் இருக்குன்னு எனக்குத் தோணுது, நான் கூட இல்லாத எடத்துல எங்க ஆத்தா விழுந்துருவாங்களாங்கிறது. அதை மனசுல வச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

நான் காரைக்குடியில பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் முடிச்சுட்டு சிங்கப்பூர் போய் 21 வருஷம் லிஃப்ட், எஸ்கலேட்டர், ட்ராவலேட்டர் மெயின்டனன்ஸ் வேலை பாத்தவன், இப்ப ஊருக்கு வந்துட்டேன். பெரும்பாலும் ராத்திரி வேலை, ஜனங்க எல்லாம் போனப்புறம் தரைத்தகட்டை திறந்து உள்ள இறங்கி செயின் பாக்குறது, முனையில இருக்க பல்லுத்தகட்டை மாத்துறது, பள்ளத்துல கிடக்கிற குப்பைய அள்ளுறதுன்னு போகும். அதனால மிஷினைப் பத்தி நான் சொல்றதை நீங்க நம்பலாம். முழங்காலைப் பத்தி நம்பாதீங்க, அது டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது. ஆத்தாவுக்கு திடீர்னு தலைசுத்தல் வர்ற பழக்கம் இருந்தாலோ, கண்புரை ஆபரேஷன் இன்னும் பண்ணாம இருந்தாலோ, நான் கீழ சொல்ற எதையும் பாக்காம நேரா வீல்சேர் கேட்டுருங்க.

முதல்ல அது என்னன்னு சொல்லிடுறேன், பயத்துல பாதி அதுலயே போயிரும். எஸ்கலேட்டர் பாத்திருப்பீங்க, அதோட படிகளை எல்லாம் தட்டையாக்கி வரிசையா கோத்து விட்ட மாதிரிதான் இது. ஒவ்வொரு தகட்டுக்கும் பேலட்னு பேர், நீளவாக்குல வரிவரியா பள்ளம் இருக்கும், ரெண்டு பக்கமும் செயின்ல மாட்டி ஒரு முனையில இருக்க மோட்டார் இழுக்கும். அந்தக் கடைசிக்குப் போனதும் தகடு அப்படியே கீழ மடங்கி அடியில திரும்பி வரும், பழைய கிணத்து கமலையில சால் போய்ட்டு திரும்பி வருமே அந்த மாதிரி ஒரு சுத்து. தகடு உள்ள போற எடத்துல நிலையான தரை ஆரம்பிக்கிற விளிம்புல சீப்பு மாதிரி பல்லு இருக்கும், நாங்களும் அதை சீப்புன்னுதான் சொல்லுவோம், அந்தப் பல்லு ஒவ்வொண்ணும் தகட்டோட பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்கும். காலோ குப்பையோ உள்ள போகாம வழிச்சு மேல தள்ளிவிடுறதுதான் அதோட வேலை. ஏதாவது மாட்டி சீப்பு கொஞ்சம் தூக்குனாலோ பின்னால தள்ளப்பட்டாலோ அடியில ஒரு சுவிட்ச் இருக்கு, அது மொத்த மிஷினையும் நிப்பாட்டிரும். இன்னொரு வகை ரப்பர் பெல்ட்டுல ஓடுறது, அடியில ரோலர் இருக்கும், அதுல நின்னா கால் லேசா அமுங்குற மாதிரி இருக்கும். அதுவும் பயப்படுற விஷயம் இல்ல.

எஸ்கலேட்டரைவிட இது ஒரு வகையில சாது. எஸ்கலேட்டர்ல படி ஒண்ணுக்கொண்ணு மேல கீழ ஏறி இறங்குது, படிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவுல உரசல் இருக்கு, துணி மாட்டுறது பெரும்பாலும் அங்கதான். தட்டையா போற ட்ராவலேட்டர்ல தகடுக்குத் தகடு ஒசரம் மாறாது. பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன பயம் முழுக்க இல்லாத பயம்னு நான் சொல்லமாட்டேன், 1960 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்காவுல டல்லாஸ் லவ் ஃபீல்ட் விமான நிலையத்துல ரெண்டு வயசுக் குழந்தை ஒண்ணு உடுப்பு மாட்டி செத்தே போச்சு, விமான நிலையத்துல இதை வச்சு ரெண்டு வருஷம்கூட ஆகல அப்ப. இன்னைக்கு இருக்க சீப்பு, சுவிட்ச், இடைவெளி இத்தனை மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாதுங்கிற கணக்கு எல்லாம் இந்த மாதிரி விபத்துகளைப் பாத்துப் பாத்து இறுக்கினதுதான். என் 21 வருஷத்துல சேலை மாட்டி ரெண்டுதடவை கூப்பிட்டிருக்காங்க, ரெண்டும் எஸ்கலேட்டர். தட்டைப் பாதையில ஒண்ணுகூட இல்ல. இது என் அனுபவம் மட்டும், உலகக் கணக்கு இல்ல.

வேகம் கேட்டிருந்தீங்க. சாதாரணமா நொடிக்கு அரை மீட்டர், அதாவது மணிக்கு 1.8 கிலோமீட்டர். சில எடத்துல 0.65, ஐரோப்பிய விதிப்படி பொதுவா 0.75தான் உச்சம், அகலம், நுழைவு நீளம்னு சில நிபந்தனை வச்சு 0.9 வரை விடுவாங்க. நல்லா நடக்கிற மனுஷன் நொடிக்கு 1.4 மீட்டர் போவான். ஆத்தா முழங்கால் வலியோட பைய நடந்தாலும் 0.8 வரும்னு வச்சுக்கோங்க. அப்ப 100 மீட்டர் பாதையில சும்மா நின்னுக்கிட்டே போனா 200 நொடி, பக்கத்துல சாதா தரையில பைய நடந்தாக்கூட 125 நொடிதான். அந்தத் தரை ஆத்தாவோட நடையைவிட மெதுவாத்தான் ஓடுது, இதை மட்டும் அவங்ககிட்ட சொல்லிப் பாருங்க, மூஞ்சி மாறும். நேரம் மிச்சம் பண்ண அது இல்ல, காலுக்கு மூணு நிமிஷம் ஓய்வு குடுக்கத்தான்.

அப்ப எங்கதான் ஆபத்து? ரெண்டு முனையில. நடுவுல நிக்கிறப்ப ஒண்ணும் ஆகாது, ஏறுற ஒரு எட்டும் இறங்குற ஒரு எட்டும்தான் விஷயமே. நிக்கிற தரையில இருந்து ஓடுற தரைக்கு மாறும்போது ஒரு கால் முன்னாடி இழுபடும், இன்னொரு கால் இன்னும் பின்னால நிக்கும், அந்த அரை நொடியில உடம்பு பின்பக்கம் சாயும். இறங்கும்போது நேர் எதிர், கால் நின்னுரும் உடம்பு முன்னாடி போகும். இளவட்டங்களுக்கு அது தெரியவே தெரியாது, வயசானவங்களுக்கு அந்த அரை நொடி போதும்.

இதை நான் கத்துக்கிட்டது டிரெய்னிங்ல இல்ல, எங்க அம்மாகிட்ட. எங்க அம்மா தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து பழனிக்கு செருப்பில்லாம பலதடவ நடந்தவங்க, கால்ல கொப்புளம் வந்தா வேப்பெண்ணெய் தடவிட்டு மறுநாள் காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு நடப்பாங்க. அப்படிப்பட்டவங்க முதல்தடவ என்னைப் பாக்க வந்தப்ப ட்ராவலேட்டர் வாய்ல வந்து அப்படியே நின்னுட்டாங்க, ஊருணியில தண்ணி பாசியா இருக்கும்போது படியில நிப்பாங்களே அந்த மாதிரி காலை நீட்டுறதும் எடுக்கிறதுமா. பின்னால கூட்டம் வருது, எனக்கு கூச்சமா போச்சு, "வாங்கம்மா ஒண்ணும் ஆகாது"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். அந்த இழுப்புலதான் அவங்க தடுமாறினாங்க. விழல, என் தோள்ல சாஞ்சுட்டாங்க, ஆனா மணிக்கட்டு பிசகி ஒரு வாரம் வீங்கியிருந்துச்சு. நாலு வருஷமா அந்த மிஷினை கழட்டி மாட்டின எனக்கு, இன்னொருத்தர் கையை இழுத்தா அவங்க எடை எந்தப் பக்கம் போகும்னு யோசிக்கத் தோணல. அதுல இருந்து யார் கேட்டாலும் முதல்ல சொல்றது இதுதான்: கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அவங்களே கைப்பிடியைப் பிடிக்கட்டும், நீங்க ஒரு எட்டு பின்னால நில்லுங்க. சிங்கப்பூர்ல கூட்டிட்டுப் போக வர்ற உங்க தம்பிக்கும் இதைச் சொல்லிடுங்க.

ஏறுறது எப்படின்னா, வாய்ல வந்ததும் ஒரு நொடி நின்னு கைப்பிடி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும், தன்னைவிட்டு விலகி ஓடுனா சரியான பக்கம், தன்னை நோக்கி வந்தா அது எதிர்ப்பாதை. பச்சை அம்பு, சிவப்பு குறுக்குக்கோடுன்னு அடையாளமும் இருக்கும். அப்புறம் முதல்ல கை, பிறகு கால். கையை கைப்பிடி மேல வச்ச உடனே அது கையை முன்னாடி கொண்டுபோகும், அதோட சேர்ந்தே ஒரு சாதாரண எட்டு எடுத்து வைக்கணும், தாண்டிக் குதிக்கக்கூடாது, குட்டி எட்டாவும் வைக்கக்கூடாது. ரெண்டு காலும் உள்ள வந்ததும் ஒரு கால் கொஞ்சம் முன்னாடி ஒரு கால் பின்னாடி வச்சு நின்னுக்கலாம். இதுல முக்கியமானது கண்ணு. பயந்தவங்க எல்லாரும் காலையே பாப்பாங்க, ஓடுற வரிகளைப் பாத்துக்கிட்டே இருந்தா தலை கிறுகிறுங்கும். ரெண்டு மூணு எட்டு தள்ளி முன்னால பாக்கச் சொல்லுங்க. இறங்கும்போது கடைசியில மஞ்சக்கோடோ லைட்டோ இருக்கும், அது வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயே தயாராகி, சீப்பு வந்ததும் காலைத் தேய்க்காம தூக்கி வெளிய வச்சு, வெளிய வந்தப்புறம் நிக்காம நாலு எட்டு நடக்கணும். நம்ம ஆளுங்க இறங்குன எடத்துலயே நின்னு சேலையை சரிபண்றது, கைப்பையைத் தேடுறதுன்னு இருப்பாங்க, பின்னால வர்றவங்களை மிஷின் அவங்க மேல கொண்டுவந்து தள்ளும், முனையில நடக்கிற இடிபாடு நிறைய அப்படி வர்றதுதான்.

வீட்டுலயே பழக்கலாம். வளவுல ஆத்தங்குடி கல்லு போட்டிருப்பீங்கல்ல, பார்டர் கல்லுக்கும் நடுக் கல்லுக்கும் கோடு தெரியும்ல, அந்தக் கோட்டை சீப்புன்னு வச்சுக்கிட்டு, ஒரு கையில தூணைத் தொட்டபடி, கீழ குனிஞ்சு பாக்காம ஒரே எட்டுல தாண்டி வச்சுட்டு நாலு எட்டு நிக்காம நடக்கச் சொல்லுங்க. தரை ஓடாதுதான், ஆனா "கை, கால், முன்னால பாரு, வெளிய வந்து நிக்காதே" இந்த வரிசை உடம்புக்குப் பழகிரும். ஒரு நாளைக்கு பத்துதடவை, ஒரு வாரம் போதும். பழக்குறோம்னு மதுரையில ஏதாவது கடை எஸ்கலேட்டருக்கு கூட்டிட்டுப் போயிராதீங்க, அது இதைவிட கஷ்டம், அங்க பயந்துட்டா இதுக்கும் வரமாட்டாங்க.

சேலை விஷயம். பழைய ஆச்சிமாருங்க கண்டாங்கியை கரண்டைக்கு மேல தெரியக் கட்டுவாங்கல்ல, அந்தக் கட்டு இதுக்கு ரொம்ப நல்லது. இப்ப கட்டுற மாதிரி தரையைக் கூட்டுற கொசுவம் வேண்டாம், பயணத்தன்னைக்கு மட்டும் நாலு விரக்கடை ஏத்திக் கட்டி, முந்தானையை இழுத்துச் சொருகிடுங்க. முக்கியமா மாட்டக்கூடிய எடம் இறங்குற முனையில இருக்க சீப்புதான், அங்க துணி தரையில கிடக்காம பாத்துக்கணும். செருப்பு இதைவிட முக்கியம். அமுக்குனா நசுங்குற ரப்பர் செருப்பு, ஸ்பாஞ்சு மாதிரி இருக்க அகலமான செருப்பு வேண்டவே வேண்டாம், அந்த மெத்து ரப்பர் பள்ளத்துக்குள்ள பிதுங்கி சீப்புல கடிபடும். பின்பட்டி இருக்க, அடி கெட்டியான செருப்பு வாங்கிக் குடுங்க, கிளம்புறதுக்கு பத்துநாள் முந்தியே வாங்கி வீட்டுல போட்டு நடக்கச் சொல்லுங்க, புதுச் செருப்போட ஏர்போர்ட்டுக்கு அனுப்பாதீங்க.

இன்னும் ரெண்டு விஷயம், யாரும் சொல்றதில்ல. ஒண்ணு, கைப்பிடியும் தரையும் ஒரே வேகத்துல ஓடாது. கைப்பிடி தரையைவிட 2 சதவீதம் வரை வேகமா ஓடலாம்னு விதியே இருக்கு, மெதுவா ஓடக்கூடாது, ஏன்னா கை பின்னால இழுபட்டா ஆளு மல்லாக்க விழுவாங்க. அப்ப 100 மீட்டர் போறதுக்குள்ள கை ரெண்டு மீட்டர் வரைக்கும் முன்னாடி போயிரும். இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்க வயசானவங்க தன்னை அறியாம முன்னால குனிஞ்சுக்கிட்டே போவாங்க. அதனால லேசாப் பிடிச்சு, கை முன்னால போயிட்டா எடுத்து திரும்ப பக்கத்துல வச்சுக்கணும். ரெண்டாவது, நடுவுல திடீர்னு நின்னுச்சுன்னா. யாராவது சிவப்பு பட்டனை அமுக்கினா அப்படியே கல்லு மாதிரி நிக்காது, அரை மீட்டர் வேகத்துல ஓடுறது 20 சென்டிமீட்டர்ல இருந்து ஒரு மீட்டருக்குள்ள நிக்கணும்னு வச்சிருக்காங்க, பஸ்ல பைய பிரேக் போடுற அளவுக்குத்தான் இருக்கும். கை கைப்பிடியில இருந்தா ஒண்ணும் ஆகாது, அதுக்குத்தான் பிடிங்க பிடிங்கன்னு சொல்றோம்.

நின்னுபோன ட்ராவலேட்டர் மேல நடக்கும்போதும் கவனம் வேணும். நிக்குதுன்னு கண்ணுக்கு நல்லாத் தெரியும், இருந்தும் முதல் எட்டுல உடம்பு தானா முன்னாடி தள்ளும், என்னவோ மாதிரி இருக்கும். 2003ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ரெண்டு பேர் இதை சோதனை பண்ணியே காட்டியிருக்காங்க, ஓடுற பலகையில பலதடவ ஏறிப் பழகின ஆளை, இப்ப அது ஓடாதுன்னு சொல்லிட்டு ஏத்தினாலும், உடம்பு பழைய கணக்குலயே முன்னால சாஞ்சுது. அறிவுக்குத் தெரிஞ்சது காலுக்குப் போய்ச் சேரல. ஆத்தா முதல்தடவை போறதால அவங்களுக்கு இது வராது, திரும்பி வரும்போது வரலாம். நின்னுபோனதுல ஏறாம பக்கத்துத் தரையில நடக்கச் சொல்லிடுங்க.

நிக்கணுமா நடக்கணுமா? ஆத்தா நிக்கணும், ஒரு ஓரமா, மத்தவங்க போக வழி விட்டு. உங்களை மாதிரி ஆளுங்க நடக்கலாம், ஆனா நினைக்கிற அளவுக்கு நேரம் மிச்சமாகாது. கணக்குப் போட்டா 1.4ம் 0.5ம் சேர்ந்து 1.9, 100 மீட்டருக்கு 53 நொடி, தரையில நடந்தா 71. நிஜத்துல மனுஷன் அதுமேல ஏறுனதும் தன் நடையைக் குறைச்சுக்கிறான். 2009ல வந்த ஒரு ஆய்வும் இதைத்தான் சொல்லுச்சு, கண்ணு பாக்குற வேகத்துக்கும் கால் போடுற வேகத்துக்கும் ஒத்துவராம உடம்பு ஒரு நடுவாந்தர வேகத்துல உக்காந்துருது. முன்னால ரெண்டு பேர் வழியை அடைச்சு நின்னா மிச்சம் அதுவும் போச்சு. எவ்வளவு குறையும்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், அதை உறுதியா ஒரு எண்ணா சொல்றவங்களை நம்பாதீங்க.

ஏன் வேகமா வைக்கலன்னு கேட்டது நல்ல கேள்வி, 130 வருஷமா மனுஷன் மோதிக்கிட்டிருக்க கேள்வி. 1893ல சிகாகோவுல நடந்த உலகக் கண்காட்சியில, ஏரிக்குள்ள நீட்டிக் கட்டின படகுத்துறை மேல முதல் நகரும் பாதையை வச்சாங்க, 5 சென்ட் கட்டணம், அடிக்கடி நின்னுபோகுமாம். 1900ல பாரிஸ் கண்காட்சியில கிட்டத்தட்ட மூணரை கிலோமீட்டர் சுத்துக்கு தெருவுக்கு மேல தூக்கிக் கட்டினாங்க, பக்கத்து பக்கத்துல ரெண்டு பலகைப் பாதை, ஒண்ணு மணிக்கு நாலு கிலோமீட்டர் போல, இன்னொண்ணு எட்டு போல. முதல்ல மெதுவானதுல ஏறி அங்கிருந்து வேகமானதுக்கு மாறணும், பிடிச்சுக்க நடுநடுவுல கம்பம். யோசிச்சுப் பாத்தா அவங்க அன்னைக்கே பிரச்சனையைச் சரியாப் பிடிச்சிட்டாங்க, வேகத்துல போறது கஷ்டம் இல்ல, வேகத்துக்குள்ள காலை வைக்கிறதுதான் கஷ்டம். அப்புறம் 1954ல அமெரிக்காவுல ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்துல குட்இயர் கம்பெனி ரப்பர் பெல்ட்டுல போட்டாங்க, 1960ல லண்டன் பேங்க் ஸ்டேஷன் பாதாள ரயிலுக்கு வந்துச்சு, அதெல்லாம் மெதுவானதுதான். திரும்ப வேகத்துக்கு ஆசைப்பட்டது பாரிஸ்தான், 2002ல மோன்பர்னாஸ் மெட்ரோ ஸ்டேஷன்ல 180 மீட்டர் நீளத்துல மணிக்கு 12 கிலோமீட்டர் ஓடுற ஒண்ணு. நேரா ஏற முடியாதுல்ல, அதனால ஆரம்பத்துல உருளை வச்ச ஒரு பகுதி, அதுல ரெண்டு காலையும் தூக்காம வச்சு கைப்பிடியைப் பிடிச்சு நின்னா அதுவே வேகத்தைக் கூட்டிக் கொண்டுபோய் பெல்ட்டுல விடும். ஜனங்க அந்த உருளை மேலயே பழக்கதோசத்துல நடந்தாங்க, விழுந்தாங்க. 9 கிலோமீட்டரா குறைச்சாங்க, அப்பவும் சரிப்பட்டு வரல, 2011ல எடுத்துட்டு பழைய மெதுவானதையே போட்டுட்டாங்க. கனடாவுல டொரன்டோ விமான நிலையத்துல தகடுகளே நுழையும்போது நெருங்கியும் நடுவுல விரிஞ்சும் போற மாதிரி ஒண்ணு 2007ல வந்துச்சு, 2 கிலோமீட்டர்ல ஏறி 7ல போய் திரும்ப 2ல இறங்குற மாதிரி இருந்துச்சு, ரொம்ப அழகான வேலைப்பாடு, எனக்கு அதைத் திறந்து பாக்கணும்னு இன்னைக்கும் ஆசை. ஆனா உதிரி பாகம் அதிகம்னா ராத்திரி வேலையும் அதிகம், அதனால எல்லா எடத்துக்கும் அது ஒத்துவராதுன்னு நினைக்கிறேன்.

இப்ப பிள்ளையார்பட்டி. நல்ல மனசோட கேட்டிருக்கீங்க, ஆனா எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கோயிலுக்கு நம்ம வெறுங்காலோட போறோம், வெறுங்கால் விரல் சீப்புக்குப் பக்கத்துல வர்றதே எனக்கு ஆகாது. தேங்காத்தண்ணி, எண்ணெய், திருநீறு, பூ எல்லாம் பள்ளத்துல இறங்கி அடியில பசை மாதிரி ஒட்டும், சுத்தமான ஏர்போர்ட்லயே ராத்திரி திறந்தா ஹேர்பின், நாணயம், வளையல் துண்டு, மிட்டாய்த் தாள்னு அள்ளுவோம். அதோட பிள்ளையார்பட்டி சமதரை, தூரமும் கொஞ்சம். குன்றக்குடி மாதிரி மலைக்கு கேட்டீங்கன்னா, சரிவுப்பாதை 12 டிகிரிக்கு மேல போகக்கூடாது, உதாரணத்துக்கு 30 மீட்டர் ஒசரம் ஏறணும்னா கிட்டத்தட்ட 145 மீட்டர் நீளம் வேணும், அதுக்கு எடம் எங்க. வயசானவங்களுக்கு லிஃப்ட்டோ, பழனியில இருக்க மாதிரி விஞ்சோ ரோப் காரோதான் சரி. கூரை போட்டு நல்லாப் பராமரிச்சா வெளியிலயும் வைக்கலாம்தான், ஹாங்காங்ல 1993ல இருந்து மலைச்சரிவுல 800 மீட்டருக்கு எஸ்கலேட்டரும் நகரும் பாதையுமா ஓடுது, காலையில 10 மணி வரைக்கும் கீழ் நோக்கி, அப்புறம் மேல் நோக்கி. டெல்லியில 2019ல தௌலா குவான் மெட்ரோவுல இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு 1.2 கிலோமீட்டர் மேம்பாதையில 22 ட்ராவலேட்டர் போட்டிருக்காங்க. அங்கெல்லாம் தினமும் ஆயிரக்கணக்குல செருப்புக் காலோட நடக்கிறாங்க, பாத்துக்க ஆள் இருக்கு. ஒரு மீட்டர் அகலப் பாதை மணிக்கு 6000 பேரைக் கடத்தும், அவ்வளவு ஜனம் தினமும் வர்ற எடத்துக்குத்தான் அந்தச் செலவு தகும்.

கடைசியா, ஆத்தா ஏறித்தான் ஆகணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. விமான நிலையத்துல தட்டைப் பாதைக்குப் பக்கத்துலயே சாதா தரை இருக்கும், நடந்து போயிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. தூரம் அதிகம்னு நினைச்சா டிக்கெட் போடும்போதே வீல்சேர் வேணும்னு பதிவு பண்ணிருங்க, விட்டுப்போச்சுன்னா ரெண்டு நாளுக்கு முந்தியாவது ஏர்லைன்ஸ்ல பேசிருங்க. படி ஏறுவாங்க, தூரம்தான் நடக்க முடியாதுன்னு விவரமாச் சொல்லுங்க, அதுக்குன்னு தனி வகை இருக்கு. வீல்சேர்ல போனா ட்ராவலேட்டர் பேச்சே இல்ல, லிஃப்ட் வழியா கூட்டிட்டுப் போயிருவாங்க, இமிகிரேஷன்லயும் கூட ஒரு ஆள் நிப்பாங்க, தனியா முதல்தடவ போறவங்களுக்கு அந்த ஆள்தான் பெரிய தெம்பு. "நான் என்ன நொண்டியா"ன்னு ஆத்தா கோவிச்சுக்குவாங்க, எங்க அம்மாவும் கோவிச்சாங்க. பேரனைத் தூக்குறதுக்கு முழங்காலை மிச்சம் வச்சுக்கோங்கன்னு சொல்லிப் பாருங்க, எங்க அம்மா அதுக்குத்தான் இறங்கி வந்தாங்க.

என்னைக் கேட்டா, போகும்போது வீல்சேர், அங்க ஒரு மாசம் இருந்து தம்பியோட ஒண்ணு ரெண்டுதடவ கூட்டம் இல்லாத நேரத்துல ஏறிப் பழகிட்டு, திரும்பி வரும்போது அவங்க இஷ்டம். அது வரைக்கும் வளவுல கோடு தாண்டட்டும். செருப்பு வாங்கினதும் அடிப்பக்கத்தை பெருவிரலால அமுக்கிப் பாருங்க, விரல் பதிஞ்சா கடையில திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்குங்க.